குளிர்ச்சி எங்கே இருக்கிறது?

கோடைக்காலம் வந்துவிட்டால் நம் ஊர்க் கடைத்தெருக்களின் தோற்றமே மாறிவிடுகிறது. தெருமுனையில் நுங்கு வண்டி நிற்கிறது. சாலையோரத்தில் தர்பூசணிப் பழங்கள் குன்றுபோல் குவிந்து கிடக்கின்றன. கம்மங்கூழ்ப் பானைக்கு ஈரத் துணி சுற்றி வைத்துக்கொண்டு ஒருவர் மரநிழலில் அமர்ந்திருக்கிறார். அதே தெருவில், கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பதனப் பெட்டிக்குள் வண்ண வண்ணப் புட்டிகளும் வரிசையாக நிற்கின்றன. பள்ளி விட்டு வரும் மாணவன் கையில் 20 ரூபாய் இருக்கிறது. நாக்கு வறண்டிருக்கிறது. அவன் எதை வாங்க வேண்டும்?

வீட்டுப் பெரியவர்களும் மருத்துவர்களும் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது, இதில் இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் ‘குளிர்ச்சி’ என்பது வெப்பத்தைப் பற்றிய சொல் அல்லவா? வெப்பம் என்று வந்துவிட்டால் இயற்பியலைக் கேட்காமல் முடிவு செய்வது முறையாகாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடையில் நம்மைக் குளிர்விப்பது உண்ணும் பொருளின் சில்லிப்பு அன்று. அப்பொருள் உடலுக்குக் கொடுக்கும் நீரும், அந்த நீரை உடலில் நிறுத்திவைக்கும் சிறிதளவு உப்புமே ஆகும். நம் வீட்டு அடுக்களைகள் நெடுங்காலமாக இந்த வழியில்தான் நடந்து வந்திருக்கின்றன. ஆவியாதலின் உள்ளுறை வெப்பத்தைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதிய நாம்தாம், கடைத்தெருவில் அதை மறந்துவிடுகிறோம். எப்படி என்று பார்ப்போம்.

உடல் என்னும் அடுப்பு

நம் உடல் இரவும் பகலும் அணையாத ஓர் அடுப்பு. உண்ட உணவிலிருந்து உடல் ஆற்றலைப் பெறும்போது அதில் பெரும்பகுதி வெப்பமாக வெளிப்படுகிறது. வேலை ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவரின் உடல் வினாடிக்குச் சுமார் 100 ஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது. அதாவது, அவர் ஒரு 100 வாட் மின்விளக்குக்குச் சமம். வேகமாக நடந்தால் இது மூன்று, நான்கு மடங்காகும். ஓடி விளையாடினால் அதற்கும் மேலே போகும்.

இந்த வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். உடலின் தன்வெப்பம் நீரின் தன்வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவு. கணக்கிட்டுப் பார்த்தால், சும்மா அமர்ந்திருக்கும்போதே ஒரு மணி நேரத்தில் அவருடைய உடல் வெப்பநிலை ஒன்றரை டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 37 டிகிரி 40 டிகிரியாகிவிடும். அது உயிருக்கு ஆபத்தான நிலை. அப்படி நேராமல் இருப்பதற்குக் காரணம், உண்டாகும் வெப்பத்தை உடல் அவ்வப்போதே வெளியேற்றிக்கொண்டிருப்பதுதான்.

வெளியேற்ற வழிகள் நான்கு: கடத்தல், சலனம், கதிர்வீச்சு, ஆவியாதல். முதல் மூன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வெப்பம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே வெப்பம் தானாகச் செல்லும். வெயில் காலத்தில் நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று 30 டிகிரியாக இருந்தால் உடலிலிருந்து வெப்பம் காற்றுக்குப் போகும். கத்திரி வெயிலில் வேலூரிலும் திருத்தணியிலும் காற்றின் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டும்போது நிலைமை தலைகீழாகிறது. அப்போது காற்றிலிருந்து வெப்பம் உடலுக்குள் வருகிறது! மூன்று கதவுகளும் நமக்கு எதிராகத் திறந்துகொள்ள, நான்காவது கதவு ஒன்றே மிஞ்சுகிறது. அதுதான் வியர்வை ஆவியாதல்.

ஒரு தம்ளர் நீரின் கணக்கு

இப்போது தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய கணக்குதான்.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த 5 டிகிரி நீர் ஒரு தம்ளர், அதாவது 200 மில்லிலிட்டர் பருகுகிறீர்கள். அது உடலுக்குள் 37 டிகிரிக்கு வர வேண்டும். 32 டிகிரி உயர்வு. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கலோரி தேவை. ஆகவே அந்த நீர் உடலிலிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம் 200 × 32 = 6,400 கலோரி. அதாவது 6.4 கிலோ கலோரி. அந்தச் சில்லிப்பு நமக்குச் செய்யும் உதவி அவ்வளவுதான்.

அதே 200 மில்லிலிட்டர் நீர் வியர்வையாகித் தோலின்மீது முழுவதும் ஆவியானால்? தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். ஆகவே 200 × 580 = 1,16,000 கலோரி; அதாவது 116 கிலோ கலோரி. முன்னதைப்போல் ஏறத்தாழ 18 மடங்கு!

பதினெட்டு மடங்கு என்பதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். குடிக்கும் நீர் சில்லென்று இருந்ததா, பானைத் தண்ணீராக இருந்ததா என்பது சிறிய செய்தி. போதுமான நீர் உள்ளே போயிற்றா என்பதே பெரிய செய்தி. குடித்த நீரெல்லாம் வியர்வையாகிவிடுவதில்லை என்பது உண்மையே. ஆனால் உடலில் நீர் குறைந்தால் வியர்ப்பதும் குறையும்; நான்காவது கதவும் மூடத் தொடங்கும்.

நீர் எவ்வளவு வேண்டும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடுகிறது. 100 வாட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 ஜூல். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,430 ஜூலை எடுத்துச் செல்கிறது. வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 150 கிராம். வெப்பமான நாளில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே மணிக்கு முக்கால் தம்ளர் நீர் வியர்வைக்காக மட்டும் செலவாகிறது. மைதானத்தில் ஆடும் மாணவனுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். வெயிலில் சூடான தேநீர் குடிப்பவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. மிதிவண்டிப் பயிற்சி செய்தவர்களுக்குச் சூடான நீர் கொடுத்தபோது, அது கொண்டுவந்த வெப்பத்தைவிட, அதனால் கூடுதலாகச் சுரந்த வியர்வை ஆவியாகி எடுத்துச் சென்ற வெப்பம் அதிகமாக இருந்தது. ஆனால் வியர்வை முழுவதும் ஆவியாகக்கூடிய சூழலில்தான் இது பொருந்தும். அந்த நிபந்தனை மிக முக்கியமானது.

மண்பானை சொல்லும் பாடம்

மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்தும் உள்ளிருக்கும் நீரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. உள்ளே நீர் குளிர்கிறது. பானையும் நாமும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள்; பானை கசிகிறது, நாம் வியர்க்கிறோம்.

உலர்ந்த காற்று வீசும் உள்மாவட்டங்களில் பானைத் தண்ணீர் மிக நன்றாகக் குளிர்கிறது. கடற்கரை ஊர்களில் அவ்வளவு குளிர்வதில்லை. கடலோரக் காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருப்பதால் ஆவியாதல் மெதுவாகிறது. அதே காரணத்தால்தான் சென்னையில் வெப்பமானி 37 டிகிரி காட்டும் நாளில் நாம் படும் பாடு, உள்ளூரில் 40 டிகிரியில் படுவதைவிட அதிகமாகத் தோன்றுகிறது. வியர்வை வழிகிறது, ஆனால் ஆவியாவதில்லை. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடலுக்குப் பயனில்லை. நீரும் உப்பும் நட்டம், குளிர்ச்சியோ இல்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை அருகருகே நிழலில் தொங்கவிடுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, துணியின் மறுமுனை ஒரு கிண்ணத்து நீரில் தோய்ந்திருக்கும்படி வையுங்கள். சிறிது நேரத்தில் ஈரத் துணி சுற்றிய வெப்பமானி குறைவான அளவைக் காட்டும். இரண்டுக்கும் வேறுபாடு மிகுதியாக இருந்தால், அன்று உங்கள் வியர்வை நன்றாக வேலை செய்யும். வேறுபாடு குறைவாக இருந்தால் நிழலையும் காற்றோட்டத்தையும் தேடுங்கள். எந்த உணவும் அவற்றின் இடத்தை நிரப்ப முடியாது.

நீர் மட்டும் போதுமா?

வியர்வையை நாவில் வைத்துப் பார்த்தவர் எவரும் அதில் உப்பு உண்டு என்பதை அறிவர். ஒரு லிட்டர் வியர்வையில் ஒரு கிராம் முதல் மூன்று கிராம் வரை உப்பு வெளியேறுகிறது. வெயிலில் நெடுநேரம் உழைத்து நிறைய வியர்த்தவர் வெறும் நீரை மட்டும் மேலும் மேலும் குடித்தால், உடலில் உள்ள உப்பின் செறிவு குறைந்து, தலைவலியும் களைப்பும் உண்டாகும். நிழலில் இருப்பவருக்கு அன்றாட உணவில் உள்ள உப்பே போதும். வெயிலில் உழைப்பவருக்கும் விளையாடுபவருக்கும் சிறிது கூடுதலாக வேண்டும்.

உப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க உயிர்வேதியியலாளர் 1960ஆம் ஆண்டு ஒரு கருத்தை வெளியிட்டார். சிறுகுடலில் குளுக்கோசும் சோடியமும் கைகோத்துக்கொண்டு உள்ளே நுழைகின்றன என்பதே அது. அவை நுழையும்போது நீரும் பின்தொடர்கிறது. இந்த அறிவு சில ஆண்டுகளிலேயே பல உயிர்களைக் காத்தது. 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் சமையல் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை நீரில் கரைத்து வாய்வழியே கொடுத்தார். இறப்புகள் பெரிதும் குறைந்தன. இன்று நாம் ஓ.ஆர்.எஸ். என்று சொல்லும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் பெருமையை உலகம் அங்கே கண்டது. 1980களில் வங்கதேசத்தில் குளுக்கோசுக்குப் பதிலாக அரிசி மாவைக் காய்ச்சிச் செய்த கரைசலையும் சோதித்து, அதுவும் நன்கு பயன்படுவதைக் கண்டனர்.

அரிசி, உப்பு, நீர்! இந்தக் கூட்டு நமக்குப் புதிதா, மாணவர்களே?

நம் அடுக்களையில் உள்ளவை

முதலில் மோர். ஒரு பங்கு தயிருக்கு மூன்று அல்லது நான்கு பங்கு கொதித்து ஆறிய நீர், லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி. அடுப்பே தேவையில்லை, பத்து வயதுச் சிறுவனும் செய்யலாம். இதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். வியர்வை கொண்டுபோன உப்புக்கு ஈடான உப்பு. குடலுக்கு இதமான சிறு புளிப்பு. சித்திரைத் திருவிழாவிலும் இராமநவமியிலும் நீர்மோர்ப் பந்தல் வைத்த நம் முன்னோர் வியர்வையைச் சோதனைச்சாலையில் ஆராய்ந்தவர்கள் அல்லர். பட்டறிவால் சரியான விடைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்து நீராகாரமும் பழைய சோறும். இரவு மிஞ்சிய சோற்றில் நல்ல நீர் ஊற்றி மூடிவைத்தால், லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகிக் காலையில் இலேசாகப் புளிக்கிறது. உப்பும் மோரும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உண்டால் அதுவே காலை உணவு. மாவுப் பொருள், உப்பு, நீர் மூன்றும் ஒரே கலத்தில் இருக்கின்றன. கம்பும் கேழ்வரகும் கூழாகும்போதும் இதே கதைதான். ஆனால் ஓர் எச்சரிக்கை: ஊற்றும் நீர் தூயதாக இருக்க வேண்டும், காலையிலேயே உண்டுவிட வேண்டும். மாலைவரை வெயிலில் கிடந்தால் வேண்டாத கிருமிகளும் பெருகும்.

மூன்றாவது, கடித்துத் தின்னும் நீர். வெள்ளரிப் பிஞ்சில் 100க்கு 95 பங்கு நீர். தர்பூசணியில் ஏறத்தாழ 92 பங்கு. நுங்கிலும் பெரும்பகுதி நீர்தான். கால் கிலோ தர்பூசணி தின்றவர் ஒரு தம்ளருக்கு மேலாக நீர் பருகியவராகிறார். வெள்ளரியின்மேல் சிறிது உப்புத் தூவித் தருகிறாரே தெருவோர வியாபாரி, அவரும் உடலியல் அறிந்தவர்தான்!

இளநீரைப் பற்றி ஒரு சொல். அது மிக நல்ல பானம், பொட்டாசியம் நிறைந்தது. ஆனால் வியர்வையில் நாம் பெரிதும் இழப்பது சோடியத்தை. அது இளநீரில் குறைவு. ஆகவே நிறைய வியர்த்தவர் இளநீர் குடித்தாலும் உப்பிட்ட உணவையும் சேர்த்து உண்பது நல்லது. பானகத்தில் வெல்லம் உண்டு, எலுமிச்சை உண்டு, சுக்கும் ஏலமும் உண்டு. ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்து, வெல்லத்தை அளவாகப் போட்டால் அது குறைவற்ற பானமாகும். பதநீரும் நன்னாரி சர்பத்தும் சுவையானவை. ஆனால் அவற்றில் சர்க்கரை மிகுதி என்பதை மறக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான இன்னொரு நன்மையை நாம் கவனிப்பதே இல்லை. இவற்றுக்கு நண்பகலில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. வீட்டு எரிவாயு அடுப்பின் ஓர் எரிமுனை ஏறத்தாழ 1,500 வாட் வெப்பத்தைத் தருகிறது. அதாவது, பதினைந்து பேர் அந்தச் சிறிய அடுக்களைக்குள் வந்து அமர்ந்ததற்குச் சமம். காற்று நுழையாத அந்த அறையில், குழம்பும் பொரியலும் கொதிக்கக் கொதிக்க வேண்டும் என்று நாம் வெளியே உட்கார்ந்து கேட்கும்போது, உள்ளே நிற்கும் அம்மாவின் உடல் எத்தனை தம்ளர் வியர்வையைச் செலவிடுகிறது என்று எண்ணிப் பார்த்தோமா? கோடையில் வாரத்தில் சில நாள்களாவது காலையிலேயே சமையலை முடித்து, நண்பகலில் தயிர்ச்சோறும் வெள்ளரியும் போதும் என்று சொல்லுங்கள். குடும்பத்தில் அனைவரும் குளிர்ச்சி பெறுவதே உண்மையான குளிர்ச்சி.

‘சூடு’, ‘குளிர்ச்சி’ என்னும் சொற்கள்

நம் வீடுகளில் மாம்பழம் சூடு, வெள்ளரி குளிர்ச்சி என்று சொல்லும் வழக்கம் உண்டு. அறிவியல் படித்த சிலர் இதைக் கேட்டவுடன் எள்ளி நகையாடுகின்றனர். வேறு சிலர் முன்னோர் சொன்னதால் அனைத்தும் உண்மை என்கின்றனர். இரண்டு பேருமே அளந்து பார்க்கவில்லை என்பதுதான் என் குறை.

அளக்கக்கூடியவை சில இருக்கின்றன. உணவு உண்டபின், அதைச் செரித்து உட்கொள்வதற்கே உடல் சிறிது ஆற்றலைச் செலவிட்டு வெப்பத்தை வெளியிடுகிறது. மாவுப் பொருளுக்கு இது அதன் ஆற்றலில் 100க்கு 5 முதல் 10 பங்கு. புரதத்துக்கு 20 முதல் 30 பங்கு. கோடை நண்பகலில் வயிறு முட்ட இறைச்சி விருந்து உண்டவர் புழுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே ‘சூடு’ என்ற சொல்லுக்கு அளவிடக்கூடிய பொருள் இருக்கிறது.

வேறு சில இடங்களில் நாக்கு நம்மை ஏமாற்றுகிறது. மிளகாயில் உள்ள காப்சைசின், நாவில் வெப்பத்தை உணரும் நரம்பின் வாயிலையே தட்டுகிறது. அதனால் வெப்பநிலை மாறாமலே எரிகிறது. பெப்பர்மின்ட் மிட்டாயில் உள்ள மென்தால், குளிரை உணரும் வாயிலைத் தட்டுகிறது. அதனால் ஒன்றும் குளிராமலே குளிர்கிறது. இந்த வாயில்களைக் கண்டறிந்த பணிக்காக டேவிட் ஜூலியஸ் என்பவருக்கும், தொடுவுணர்வின் வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன் என்பவருக்கும் 2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆக, வாயில் தோன்றும் குளிர்ச்சி வேறு, உடலிலிருந்து வெளியேறும் வெப்பம் வேறு. மற்ற உணவுகளைப் பற்றிய சூடு, குளிர்ச்சி நம்பிக்கைகளையும் இப்படி ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்த வேலை உங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கிறது.

புட்டியில் வருவது

இனி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்கும் புட்டிக்கு வருவோம். இனிப்பூட்டிய குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிலிட்டருக்கு 10 அல்லது 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. 250 மில்லிலிட்டர் புட்டியில் 25 கிராமுக்கு மேல், ஐந்தாறு தேக்கரண்டி. நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வளர்ந்தவர்களுக்குச் சொன்ன அளவை, ஒரே புட்டி தீர்த்துவிடுகிறது. அதன் சில்லிப்பு உடலிலிருந்து எடுப்பது 8 கிலோ கலோரி. அதன் சர்க்கரை உடலுக்குள் கொண்டுவருவது 100 கிலோ கலோரிக்கு மேல். ஐஸ்கிரீமின் கணக்கும் இதைப் போன்றதே. 100 கிராம் ஐஸ்கிரீம் உருகி உடல் சூட்டுக்கு வர எடுத்துக்கொள்வது சுமார் 8 கிலோ கலோரி. கொடுப்பதோ சுமார் 200. எப்போதாவது மகிழ்ச்சிக்காக ஒன்று தின்பதை நான் தடுக்கவில்லை. அதை வெயிலுக்கு மருந்து என்று எண்ண வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ‘புட்டி மூடி முத்திரையிட்டு வருகிறது, தெருவில் விற்கும் மோரில் என்ன தண்ணீர் கலந்தார்களோ, யார் கண்டது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தூய்மையற்ற நீரும், மீனுக்குப் போடும் ஐஸும், ஈ மொய்த்த பழத்துண்டும் காமாலையையும் டைபாய்டையும் கொண்டுவரும். ஆனால் இதற்கு விடை சர்க்கரைத் தண்ணீர் அன்று. வீட்டில் செய்த மோரும், கண்ணெதிரே சீவிய இளநீரும், கண்ணெதிரே வெட்டிய நுங்குமே விடை. தோலுடன் வாங்கிக் கழுவி உண்ணும் வெள்ளரியும் அப்படியே.

பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அமையாத இனிப்புப் பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கிக்கொண்டு நெடுநாள் விற்கப்பட்டன. 2025ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை விதித்தது. உண்மையான கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், 2.6 கிராம் உப்பு. சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் அது குடலுக்குள் நீரை இழுத்து, வயிற்றுப்போக்கை மேலும் கெடுக்கும். அட்டையின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் இயற்பியல் விதிகளைப் படிப்பதைப் போலவே இன்றியமையாதது.

பள்ளியில் செய்ய வேண்டியது

கேரளத்தில் சில பள்ளிகள் 2019ஆம் ஆண்டு ஒரு நல்ல வழக்கத்தைத் தொடங்கின. பாடவேளைகளுக்கு நடுவே மணி அடிக்கும். அப்போது எல்லா மாணவரும் நீர் பருக வேண்டும். பின்னர் அவ்வழக்கம் தமிழகப் பள்ளிகளுக்கும் வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் மணி அடித்தால் மட்டும் போதாது. பருகிய நீருக்கு வெளியேற இடம் வேண்டும். கழிப்பறை தூய்மையாக இல்லாத காரணத்தால், காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போதே நீர் பருகுவதைக் குறைத்துக்கொள்ளும் மாணவியர் எத்தனையோ பேர். மாலைவரை வறண்ட நாவுடன் பாடம் கேட்கும் அவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் தலைவலியும் வருகின்றன. அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. பூட்டிய கழிப்பறையைத் திறந்து, நீரும் வாளியும் வைப்பதுதான் பள்ளி செய்யக்கூடிய முதல் ‘குளிர்ச்சி’ ஏற்பாடு என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது, கோடையில் பள்ளி நடக்கும் நாள்களில் முற்பகல் இடைவேளைக்கு நீர்மோர். ஐந்து லிட்டர் தயிரிலிருந்து இருபது லிட்டருக்கு மேல் மோர் கிடைக்கும்; ஆளுக்கு ஒரு தம்ளர் என்றால் நூறு பேருக்குப் போதும். பெற்றோர் ஆசிரியர் கழகமோ ஊர்ப் பெரியவர்களோ மனம் வைத்தால் நடக்காத காரியமா இது?

மூன்றாவது, கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுப் பொருள்களைப் பள்ளி வளாகத்திலும், வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டே விதிமுறை வந்திருக்கிறது. உங்கள் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டரை நீங்களே நாடாவால் அளந்து பாருங்கள். அதற்குள் என்ன விற்கிறது என்று பட்டியல் எடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அளப்பதும் எழுதுவதும் அறிவியல் மாணவரின் வேலைதானே!

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தாலோ, உடல் அனலாகக் கொதிக்க, தொடர்பில்லாமல் பேசினாலோ, அது மோர் கொடுத்துத் தீர்க்கும் நிலை அன்று. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108க்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் தெளித்து விசிறிக்கொண்டே இருங்கள். அங்கும் உயிரைக் காக்கப் போவது ஆவியாதல்தான்.

இனி, 20 ரூபாயுடன் கடைத்தெருவில் நிற்கும் மாணவனுக்கு என் விடை இது. உன் தாகத்துக்கு வேண்டியது நீரும் சிறிது உப்பும். அவை மலிவாகவும் தூய்மையாகவும் எங்கே கிடைக்கின்றனவோ, அங்கே வாங்கு. பெரும்பாலும் அது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்காது. வீட்டிலிருந்து ஒரு புட்டி மோரைக் கொண்டுவந்திருந்தால் அந்த 20 ரூபாயும் மிச்சம். அதற்கு ஒரு வெப்பமானி வாங்கச் சேர்த்து வைக்கலாம்.